மடுத்தீன் வாங்கிய மூன்றாம் மாடி

பாரிசின் லாச்சப்பலில் நம்மவர்கள் யாரும் சொந்த வீட்டை நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் மடுத்தீன் வீடு வாங்கினார். பாராட்டியவர்களைவிடப் பரிகசித்தவர்களே அதிகம். "கோப்பை கழுவுறவனுக்குப் பாரிசிலை வீடோ?" என்று கபேயில் இருந்து சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்று பொண்டி, ஓல்னே போன்ற புறநகர்களில் பூந்தோட்டத்தோடு வீடு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. இப்படியான விஷயங்களை நான் லேசில் மறக்கிற ஆள் இல்லை.

மடுத்தீனுக்கு ஊர் மன்னாரில் பேசாலை. 1980இல் பாரிசுக்கு வந்தார். அங்கே ஸ்டாலின்கிராட் என்ற பகுதியில் ஓர் அறையில் ஆறு பேர் படுத்தோம்; அதில் நானும் ஒருவன். வயதில் மூத்தவர் என்று கட்டிலை அவருக்கு விட்டிருந்தோம். ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். குடிக்க மாட்டார், காசு வைத்துக் கடுதாசி விளையாட மாட்டார், ஊர்ச்சண்டைகளுக்குள் மூக்கை நுழைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவார், வந்து சமைப்பார், அவ்வளவுதான். அவரோடு இருப்பது சில நேரம் சுவரோடு இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் லூசியாவைப் பற்றியும் பேர்ளியைப் பற்றியும் பேச்செடுத்தால் மனிதர் வாய் மூட மாட்டார்.

லூசியா அவருடைய மனைவி. பேர்ளி மகள். அவர் புறப்பட்டபோது பேர்ளி கைக்குழந்தை. பிறகு சண்டை மன்னாருக்கும் வந்தது. லூசியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்து, மண்டபம் முகாமில் இருந்தாள். "கூப்பிடுங்கோவன் அண்ணை" என்று நாங்கள் சொன்னால் மடுத்தீன் ஒற்றைக் காலில் நிற்பார்.

"வீடு இல்லாமல் கூப்பிட மாட்டன். அதுகளைக் கொண்டுவந்து ஹொட்டேல் அறையிலை, கட்டிலுக்கு மேலை அடுப்பு வைச்சுச் சமைக்கச் சொல்லுறதோ? அதுக்கு முகாமே பரவாயில்லை."

எங்களுக்கு வாடகைக்கு வீடு தர எந்த வெள்ளைக்காரனும் தயாராக இல்லை. ஆகவே வாங்குவது என்று முடிவெடுத்தார். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, சீட்டுப் பிடித்து, மிச்சத்துக்கு வங்கியில் கடன் எடுத்து, 1985இல் வாங்கினார். கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கமாக இறங்குகிற ஒரு சின்னத் தெருவில், கரி படிந்த பழைய கட்டடம். மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு குசினி. கழிவறை படிக்கட்டுக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரரோடு பொது.

அறைகளுக்குப் பழைய சொந்தக்காரர் புது லினோலியம் விரித்திருந்தார். கறுப்பும் வெள்ளையுமாக, மாபிள் கல் பதித்ததுபோலக் கட்டம் போட்டது. மடுத்தீன் அதைப் பார்த்தே மயங்கிவிட்டார். "கோயில் நிலம்போலை கிடக்கு, பேர்ளி நல்லா ஓடித் திரிவாள்" என்றார். அந்தப் பளபளப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வீடு விற்கிறவன் எதற்காகப் புது விரிப்பு போட்டுவிட்டுப் போகிறான் என்று கேட்கிற புத்தி எங்கள் ஒருவருக்கும் அப்போது இல்லை. ஊரில் நாங்கள் கல்வீட்டைத் தட்டிப் பார்க்கப் பழகியவர்கள். மரத்தில் கட்டின மாடியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கக் கூட்டிப்போனவர் ஸ்ரனிஸ்லாஸ். யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்தவர். பிரெஞ்சு நன்றாகக் கதைப்பார். எங்கள் எல்லோருடைய கடதாசி வேலைகளையும் ஒரு கோப்பை காப்பிக்குச் செய்து தருகிற நல்ல மனிதர். நாங்கள் மாஸ்ரர் என்போம். வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று காப்புறுதிக்காரர்கள் கேட்க, "நான்தான்" என்று சொல்லி மடுத்தீன் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அது உண்மை.

ஆனால் வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. லூசியா வரும்வரை வாடகைக்கு விட்டால் மூச்சு விடலாம் என்று, யோகநாதனையும் அவன் மனைவி கோசலையையும் குடிவைத்தார். அவர் எங்களோடு ஸ்டாலின்கிராட் அறையிலேயே கிடந்தார். நம்மவர்களுக்குள் என்ன எழுத்து? வாய்ப்பேச்சுதான். "காப்புறுதிக்காரருக்குச் சொல்லோணுமோ மாஸ்ரர்?" என்று கேட்டதற்கு, "ஆர் வந்து பாக்கப்போறான்?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

யோகநாதன் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பொடியன். மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கினான். கோசலை வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. பிரெஞ்சில் "போன்ஜூர்", "மெர்சி", "மதாம்" தவிர வேறொன்றும் தெரியாது. வீட்டைக் கண்ணாடிபோல வைத்திருப்பாள். மடுத்தீன் மாதத்தில் ஒருநாள் போவார். வாடகை வாங்கத்தான் போவதாகச் சொல்வார். உண்மையில் வீட்டைப் பார்க்கப் போவார். இந்த ஜன்னலடியில் பேர்ளியின் மேசை, அந்த மூலையில் மடுமாதா படம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு திரும்பி வருவார்.

1986ஆம் ஆண்டு வசந்தத்தில் யோகநாதனுக்குத் தந்தி வந்தது. அவன் தம்பி குகதாசன் ஷெல் விழுந்து செத்துப்போனான். பத்தொன்பது வயது. துக்கம் விசாரிக்க எல்லோரும் அந்த மூன்றாம் மாடிக்குப் போனோம். மடுத்தீன் ரெஸ்டோரண்டில் லீவு சொல்லிவிட்டுப் போய் அவர்களோடு நிலத்தில் இருந்தார். நடு அறைச் சுவரில் ஆணி அடித்து, குகதாசனின் படத்தை மாட்டி, கீழே விளக்கு வைத்திருந்தார்கள். அரும்பு மீசை. படம் எடுக்கிறவன் ஏதோ பகிடி விட்டிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

முப்பத்தோராம் நாள் சாவுத் துடக்குக் கழிக்க வேண்டும். அதற்கு முதல் வீடு கழுவ வேண்டும். எங்கள் வீடுகளில் கழுவுவது என்றால் துணியால் துடைப்பது அல்ல. மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, வாசலால் ஓடவிட வேண்டும். அப்போதுதான் செத்தவீடு கழுவினதாகும். யோகநாதன் படையலுக்கு மரக்கறி வாங்கப் போய்விட்டான். கோசலை தனியாகத் தொடங்கினாள்.

கட்டம் போட்ட அந்த நிலம் அவள் கண்ணுக்குச் சீமெந்துக்கு மேல் பதித்த கல்லாகத்தான் தெரிந்தது. ஊற்றினாள். தண்ணீர் வாசலுக்கு வரவில்லை. சுவரோரமாகப் போய்க் காணாமல் போயிற்று. ஊரில் வீடு கழுவினால் தண்ணீர் போக அறை மூலையில் ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். இங்கேயும் அப்படி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். வெள்ளைக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று சந்தோஷப்பட்டதாகப் பிறகு அழுதழுது சொன்னாள். வாசலுக்கு வராதவரை கழுவினதாகாது என்பதால் இன்னும் ஊற்றினாள்.

கீழ்வீட்டில் இருந்தவர் மதாம் ஜெர்மேன். ரயில்வேயில் வேலை செய்த புருஷன் செத்தபின் தனியாக இருந்த கிழவி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்வது அவர் வழக்கம். படுத்திருந்தவரின் முகத்தில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. வீட்டுச் செருப்போடு மேலே ஏறிவந்து கதவை இடித்தார். கோசலை வாளியும் கையுமாகத் திறந்தாள். கிழவி கத்திய கத்தலில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. பயத்தில் கிழவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குகதாசனின் படத்தைக் காட்டினாள். காட்டிவிட்டு அழுதாள்.

கிழவி கத்துவதை நிறுத்தினார். படத்தையும் விளக்கையும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

மதாம் ஜெர்மேனின் படுக்கையறைக் கூரை, சாந்தும் பலகையுமாக, அவர் எழுந்துவந்த கட்டிலுக்கு மேலேயே விழுந்து கிடந்தது. இரும்புக் கட்டில் நடுவில் வளைந்துபோயிருந்தது. "அந்தப் பொடியன்தான் என்னை மேலே பிடித்து வைத்திருந்தான்" என்று அவர் பிறகு படிக்கட்டில் சந்தித்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

தகவல் போய் மடுத்தீன் ஏப்ரனோடு ஓடிவந்தார். நானும் பின்னால் ஓடினேன். மதாம் ஜெர்மேனின் அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே எங்கள் லினோலியத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. இடையில் தெரிந்த மரங்கள் கறுத்து, உக்கி, விரலால் குத்தினால் உதிர்ந்தன. ஒருநாள் தண்ணீரில் மரம் அப்படி ஆகாது. பல வருடமாக ஏதோ குழாய் ஒழுகி, விற்றவன் அதை விரிப்புப் போட்டு மூடியிருக்கிறான். அதெல்லாம் ஆறுதலாக யோசித்தபோது விளங்கியது. அந்த நேரத்தில் மடுத்தீனுக்கு விளங்கியது ஒன்றுதான்: லூசியாவின் வீடு போய்விட்டது.

அவர் மேலே ஏறினார். கோசலை நனைந்த சேலையோடு மூலையில் நின்றாள். யோகநாதன் மரக்கறிப் பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான்.

"உங்கடை செத்தவீட்டை என்ரை தலையிலை கழுவி ஊத்திப்போட்டியளே" என்றார் மடுத்தீன். "என்ரை பிள்ளை ஓடித்திரிய வைச்சிருந்த வீடு. ஏன், நீங்கள் மட்டும்தான் சாக்குடுத்தனீங்களோ இந்த உலகத்திலை?"

துக்க வீட்டில் சொல்லக்கூடாத சொல். சொன்ன கையோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவரை அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குப் படையல் நடக்கவில்லை. யோகநாதன் வாங்கிவந்த வாழைப்பழத்தில் ஒன்றை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தான், அவ்வளவுதான்.

கபேயில் எல்லோருக்கும் நாக்கு நீண்டுவிட்டது. "உடனை வீட்டாலை எழுப்பி விடும் அதுகளை" என்றார்கள். கிழவிக்கும் கட்டடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது மடுத்தீன்தான். காப்புறுதி கைகொடுத்தால் வீடும் தப்பும், லூசியாவின் பயணத்துக்குச் சேர்த்ததும் தப்பும். கைவிட்டால் அந்தச் சேமிப்பு முழுவதும் கிழவியின் கூரைக்குள் போகும்.

ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்ரர் வழி சொன்னார். "வீட்டிலை நீர்தான் இருக்கிறீர் எண்டு எழுதிக் கிடக்கு. வாடகைக்கு விட்டது தெரிஞ்சால் சதமும் தராங்கள். அதாலை நீரே இருக்கிறீர். நீர்தான் கழுவினனீர். காப்புறுதி ஆள் பாக்க வாற அண்டைக்கு யோகனும் பெண்சாதியும் வெளியிலை நிக்கட்டும். நான் உம்மோடை வந்து கதைக்கிறன்."

மடுத்தீன் பொய் சொல்லிப் பழகாதவர். ஆனாலும் "சரி" என்றார். லூசியாவுக்காக அவர் எதற்கும் "சரி" என்றிருப்பார்.

காதும் காதும் வைத்தமாதிரி வேலையை முடித்தோம். கோசலையின் சேலைகளைக் கட்டி எங்கள் அறைக்குக் கொண்டுபோனேன். பிள்ளையார், முருகன் படங்களைக் கழற்றினோம். மடுத்தீனின் உடுப்புகளைக் கொடியில் போட்டோம். அவருடைய மடுமாதா படத்தை வாசல்பக்கம் சாய்த்து வைத்தோம். கடைசியாகக் குகதாசனின் படம். நான் கையை வைக்கப்போக, யோகநாதன் குறுக்கே வந்து நின்றான்.

"ஊரிலை ஆமிக்குப் பயந்து அவனைக் கிணத்தடியிலையும் பனங்கூடலுக்கையும் ஒளிச்சு ஒளிச்சு வைச்சம் அண்ணை. செத்த பிறகும் ஒளிக்கோணுமோ?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். மாஸ்ரர்தான் சமாளித்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். கேட்டால் மடுத்தீன்ரை தம்பி எண்டுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" கோசலை படத்தின் கண்ணாடியில் இருந்த திருநீற்றை மட்டும் துடைத்துவிட்டாள். விளக்கை அணைக்கவில்லை.

காப்புறுதி நிறுவனத்தின் நிபுணர் மழையில் நனைந்த குடையோடு வந்தார். தொப்பிக்கு அடியில் நரைத்த தலை, மரியாதையான ஆள். முதலில் மதாம் ஜெர்மேனின் அறையைப் பார்த்தார். பிறகு மேலே வந்து லினோலியத்தைத் தூக்கி, மரத்தைக் கத்தியால் குத்திப் பார்த்தார். நானும் மாஸ்ரரும் மடுத்தீனும் பக்கத்தில் நின்றோம். யோகநாதனும் கோசலையும் கீழே படிக்கட்டு வளைவில் நின்றார்கள்.

கேள்விகள் வந்தன. இந்தக் கட்டில்? "என்னுடையது" என்றார் மடுத்தீன். குசினிப் பாத்திரங்கள்? "என்னுடையது." கழுவியது? "நான்." எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாஸ்ரரின் முகத்தில் ஒரு களை வந்தது. ஏன் இவ்வளவு தண்ணீர் என்று நிபுணர் கேட்டார். எங்கள் நாட்டில் சாவு நடந்த வீட்டைக் கழுவுவது வழக்கம் என்று மாஸ்ரர் விளக்கினார். நிபுணர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அந்தப் பொடியனையும் விளக்கையும் பார்த்தார்.

"உங்கள் சகோதரனா?" என்று மடுத்தீனைக் கேட்டார்.

"ஓம், அவருடைய தம்பி" என்று மாஸ்ரர் பிரெஞ்சில் முந்திக்கொண்டார்.

நிபுணர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். தொப்பியைக் கழற்றினார். பிறகு மடுத்தீனுக்கு முன்னால் வந்து, துக்கம் விசாரிக்கக் கையை நீட்டினார்.

மடுத்தீன் அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய கை பாதிவரை எழும்பியது. பிறகு கீழே போயிற்று. மாஸ்ரர் அவர் முதுகில் மெல்லத் தள்ளியதை நான் கண்டேன். அவர் அசையவில்லை.

"பா மொன் ஃப்ரேர்" என்றார், கோப்பை கழுவுகிற இடத்தில் பொறுக்கிய பிரெஞ்சில். என் சகோதரன் இல்லை. "மிசியே யோகநாதன். இஸி அபித்தே." இங்கே குடியிருப்பவர் அவர். சொல்லிவிட்டு, கதவைத் திறந்து கீழே குனிந்து கூப்பிட்டார்.

"யோகன், மேலை வா. பிள்ளை, நீங்களும் வாங்கோ. இவர் துக்கம் விசாரிக்க நிக்கிறார்."

யோகநாதன் ஏறிவந்தான். நிபுணருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. யோகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொல் சொன்னார். யோகநாதன் அத்தனை நாளும் அழாத அழுகையை ஒரு வெள்ளைக்காரனின் கையைப் பிடித்தபடி அழுதான். கோசலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மடுத்தீன் ஜன்னல்பக்கம் திரும்பி நின்றார்.

நிபுணர் போகும்போது சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுத வேண்டியதை எழுதினார். அவர் வேலை அது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. சொன்னது ஒன்று, இருந்தது ஒன்று; ஆகவே ஒன்றும் கிடையாது.

அன்றைக்கு மாஸ்ரருக்கு வந்த கோபம் நியாயமான கோபம். "நீர் உம்மடை பெண்சாதி பிள்ளையின்ரை பயணத்தையெல்லோ தூக்கிக் குடுத்துப்போட்டீர்" என்று படிக்கட்டில் நின்று கத்தினார்.

"மாஸ்ரர், கட்டிலை என்ரை எண்டன். சட்டியை என்ரை எண்டன்" என்றார் மடுத்தீன். "அந்தப் பொடியன்ரை சாவை எப்பிடி என்ரை எண்டுறது? அண்டைக்கு நான் அவங்களைப் பாத்துக் கேட்ட கேள்வி ஒண்டு கிடக்கு. அதுவே போதும்."

எனக்கு மடுத்தீன்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு கையைக் குலுக்கியிருந்தால் போதும். செத்தவனுக்கு அதில் என்ன நட்டம்? அதே நேரம், அவர் குலுக்கியிருந்தால் நான் இன்றைக்கு உட்கார்ந்து அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டும் எனக்குள் சேர்ந்தேதான் இருக்கின்றன.

பயணத்துக்குச் சேர்த்தது கிழவியின் கூரைக்குள் போயிற்று. போதாததற்கு, விடியற்காலையில் அலுவலகங்கள் துடைக்கிற வேலை ஒன்றையும் மடுத்தீன் பிடித்தார். கட்டடத்துக்காரர்கள் மரம் மாற்றுகிற வேலைக்கு ஆள் கொண்டுவந்தபோது, ஞாயிறுகளில் கல்லும் சாந்தும் அள்ளிக் கீழே சுமந்தது யோகநாதன்; யாரும் கேட்காமலே சுமந்தான். மதாம் ஜெர்மேன் மாதக்கணக்கில் குசினியில் படுத்தார். முணுமுணுப்பார்; ஆனால் மடுத்தீனை வழக்குக்கு இழுக்கவில்லை. லூசியா மண்டபத்திலேயே இருந்தாள். பேர்ளிக்குப் பால்பல் விழுந்ததும் முளைத்ததும் மடுத்தீனுக்குப் படத்தில்தான் தெரியும். ஒரு தடவை லூசியா எழுதினாளாம், பிள்ளை முகாமில் எந்த ஆம்பிளையைக் கண்டாலும் "இவரோ அப்பா?" என்று கேட்கிறாள் என்று. அதை வாசித்துவிட்டு மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் யோகநாதனை எழுப்பிவிடவும் இல்லை, அவனிடம் ஒரு சொல் சொல்லவும் இல்லை.

1988 முடிவில் யோகநாதனுக்கு ஓல்னேயில் வீடு கிடைத்தது. போகிற அன்று கோசலை வீடு முழுவதையும் முழங்காலில் நின்று, ஒட்டப் பிழிந்த துணியால் பலகை பலகையாகத் துடைத்தாள். கடைசியாகக் குகதாசனின் படத்தைக் கழற்றித் துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

அடுத்த வசந்தத்தில் லூசியா வந்தாள். பேர்ளிக்கு ஒன்பது வயது. விமான நிலையத்தில் அவள் தகப்பனைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். நான்தான் அப்பா என்று நினைத்திருப்பாள். மடுத்தீன் அவள் முன்னால் குந்தி இருந்து, "நான் இஞ்சை நிக்கிறன், பிள்ளை" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லூசியா செய்த முதல் வேலை, வாளியைத் தேடியது. மடுத்தீன் பதறிப்போய் அதைப் பிடுங்கி, பிழிந்த துணியைக் கையில் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

துடைத்து முடித்து, முகாமிலிருந்து கொண்டுவந்த புது மடுமாதா படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். நடு அறைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. நல்ல உயரம், நல்ல வெளிச்சம். படத்தைத் தூக்கிக்கொண்டு அதற்கு நேரே போனாள்.

"அதிலை வேண்டாம்" என்றார் மடுத்தீன்.

"ஏன்? நல்ல ஆணிதானே."

அவர் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தார். பேர்ளி அறையின் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதிலை ஒரு பொடியன் இருந்தவன்" என்றார். "மாதாவுக்கு வேறை ஆணி அடிப்பம்."

லூசியா படத்தோடு ஓரடி தள்ளி நின்றாள். நான் சுத்தியலை எடுத்துவந்து பக்கத்தில் வேறு ஆணி அடித்துக் கொடுத்தேன்.